பூவின் முதுகைப் பாருங்கள்: ஒன்றுபோல் தோன்றும் காட்டுப்பூக்களைப் பிரித்தறிவது எப்படி?

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலும் அல்சூர் கடைவீதியிலும் எருக்கம்பூ மாலைகள் தொங்கத் தொடங்கும். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. வெள்ளைக்கு மதிப்பு அதிகம். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து பூஜையறையில் வைத்திருக்கும் வீடுகள் நம்மில் உண்டு. இரண்டும் வேறு வேறு செடி என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சந்தேகமே வருவதில்லை. தாவரவியல் அப்படிச் சொல்வதில்லை. அந்த இரண்டு மாலைகளும் பெரும்பாலும் ஒரே சிற்றினம்தான்: கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியா. உண்மையிலேயே வேறான எருக்கு இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் கலோட்ரோபிஸ் புரோசெரா. டெல்லி, ராஜஸ்தான் பக்கம் போனவர்கள் வறண்ட சாலையோரங்களில் பார்த்திருப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நிறத்தை மறந்துவிட்டு இதழ்கள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். ஜைஜாண்டியாவில் ஐந்து இதழ்களும் விரிந்து, பின்பக்கமாக வளைந்து, சற்று முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவில் கிரீடம் போன்ற பகுதி தனியே எழும்பி நிற்கும். குழந்தைகள் பிய்த்து விளையாடுவது அதைத்தான். புரோசெராவில் இதழ்கள் நிமிர்ந்து நின்று, அந்தக் கிரீடத்தைக் கிண்ணம்போலச் சூழ்ந்திருக்கும். வெள்ளை இதழ், நுனியில் மட்டும் ஊதாத் திட்டு. விரியாத மொக்கு புரோசெராவில் உருண்டையாக இருக்கும், ஜைஜாண்டியாவில் சற்று நீண்டு முனை கூம்பியிருக்கும். இதைப் பார்க்கப் பூவைக் கிள்ள வேண்டியதில்லை. கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் அளவுக்குக் காயப்படுத்தக்கூடியது. செடியிலேயே வைத்துப் பாருங்கள்.

ஊதா எருக்கும் வெள்ளை எருக்கும் ஒன்று. வெள்ளை எருக்கும் நுனி ஊதாவான வெள்ளை எருக்கும் வேறு. முதல் பார்வைக்கு அபத்தமாகப்படும் இந்த வாக்கியம் புரிந்துவிட்டால், நெருங்கிய உறவுள்ள காட்டுப்பூக்களைப் பிரித்தறியும் கலையில் பாதி கைவந்துவிடும்.

எது மாறும், எது மாறாது

நெருங்கிய உறவு என்று சொல்லும்போது ஒரே பேரினத்துக்குள் வரும் சிற்றினங்களையே குறிப்பிடுகிறோம். அறிவியல் பெயரின் முதல் பாதி பேரினம், இரண்டாம் பாதி சிற்றினம். கலோட்ரோபிஸ் என்பது குடும்பப் பெயரைப் போல இருவருக்கும் பொது; ஜைஜாண்டியா, புரோசெரா என்பவை ஆளுக்கு ஆள் வேறு. தமக்குள் இனம் பெருக்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தம் அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டு வரும் கூட்டத்தைச் சிற்றினம் என்கிறோம். இந்த வரையறையில் ஓட்டைகள் உண்டு. இரண்டு சிற்றினங்கள் கலந்து இரண்டுங்கெட்டான் செடிகள் பிறப்பதும் உண்டு. ஆனால் தொடங்குபவருக்கு இவ்வளவு போதும்.

ஒரே சிற்றினத்துக்குள்ளேயே செடிக்குச் செடி வேறுபாடு இருக்கும். நிறம் அதில் முதலாவது. இதழுக்கு ஊதாவையும் நீலத்தையும் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி பல படிகளைக் கடந்து உருவாகிறது. அவற்றில் ஒரு படி தடைபட்டாலே பூ வெளுத்துவிடும். வேலியில் படரும் நீலச் சங்குப்பூவும் வெள்ளைச் சங்குப்பூவும் ஒரே சிற்றினமாக இருப்பது இதனால்தான். உயரமும் இலையின் அளவும் அடுத்தவை. சாக்கடை ஓரத்தில் இடுப்புவரை வளரும் ஒரு செடி, பாறை இடுக்கில் விரல் உயரத்தில் பூத்து முடித்துவிடும். மண், வெயில், தண்ணீர் இவற்றுக்கேற்பச் செடி தன்னை நீட்டவும் சுருக்கவும் செய்கிறது. ஆகவே ‘சின்னதாக இருக்கிறது, எனவே வேறு இனம்’ என்ற வாதம் எடுபடாது.

மாறாமல் நிற்பது உறுப்புகளின் அமைப்பு: எத்தனை மகரந்தத்தாள்கள், புல்லிகள் (இதழ்களுக்கு அடியிலுள்ள பச்சை உறுப்புகள்) ஒட்டியிருக்கின்றனவா தனித்தனியா, பூவின் அடியிலுள்ள செதில் எந்த வடிவம், தண்டு உருண்டையா சதுரமா, முடி எந்த இடத்தில் இருக்கிறது, காயின் தோல் வழவழப்பா சொரசொரப்பா என்பவை. மழை கூடினாலும் குறைந்தாலும் இவை அதிகம் அசைந்துகொடுப்பதில்லை. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் மகரந்தத்தாள்களை எண்ணித் தாவரங்களை வகுத்தது பலருக்கு வேடிக்கையாகப் பட்டது. உறவுமுறையை அறிய அந்த எண்ணிக்கை மட்டும் போதாது என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பூவின் உறுப்புகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இன்றுவரை தாவரவியலில் நிலைத்துவிட்டது.

அடுத்து, இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம். பேரினம் ஒன்றாக இருந்தால் பூவின் முகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒரே வகைப் பூச்சிகளை அழைக்க ஒரே வகை வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. எருக்கில் முகத்திலேயே தடயம் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான செடிகளில் அந்தச் சலுகை இல்லை. அங்கெல்லாம் பூவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். புல்லிவட்டம், பூவடிச் செதில், காம்பு, கணு என்று படம் எடுப்பவர்கள் யாருமே கவனிக்காத பச்சை நிறப் பகுதிகளில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

தும்பைகள்

போருக்குப் போகும் வீரன் சூடிய தும்பை, சிவனுக்கு உகந்த தும்பை, சளிக்குச் சாறு பிழிந்த தும்பை. தமிழருக்கு அறிமுகம் தேவையில்லாத பூ. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் இதைத் தும்பே என்றுதான் சொல்வார். காலி மனை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே மழைக்குப் பின் பெங்களூரிலும் முளைத்துவிடும். நாம் தும்பை என்று ஒரே பெயரில் அழைக்கும் லூகாஸ் என்ற பேரினத்தில் தென்னிந்தியாவில் மட்டும் பல சிற்றினங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பூ. எல்லாவற்றுக்கும் மேலுதடு சிறியது, குவிந்தது, பஞ்சுபோல் முடி மூடியது. கீழுதடு அகன்று மூன்றாகப் பிரிந்தது. முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயன் இல்லை.

திருப்பிப் பாருங்கள். முதலில், ஒரு கணுவில் எத்தனை பூ? தரையோடு படர்ந்து கணுவுக்கு இரண்டு பூ மட்டும் விட்டால் அது லூகாஸ் பைஃப்ளோரா. கணுவைச் சுற்றி வட்டமாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் வேறு ஏதோ. அந்தக் கொத்து பெரிய உருண்டையாகி, அதன் அடியில் இலைபோன்ற அகன்ற செதில்கள் தாங்கி நின்றால் லூகாஸ் செபலோட்டஸ். செதில்கள் ஊசிபோல் மெலிந்து, புல்லிக்குழாயின் நீளத்துக்கு ஏறக்குறைய எட்டி, ஓரத்தில் நீண்ட முடிகளுடன் இருந்தால் நமது வழக்கமான தும்பை, லூகாஸ் ஆஸ்பெரா. கைலென்ஸில் பார்த்தால் அதன் புல்லிக்குழாய் சற்று வளைந்து, வாய் சாய்வாக வெட்டினாற்போல் இருப்பதும், விளிம்பில் மேல்பல் மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருப்பதும் தெரியும். குழாயின் மேல்பாதி விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். இலை குறுகி, செடி முழுவதும் முரட்டு முடி குறைந்து, செதில்களும் சிறுத்துக் காணப்பட்டால் லூகாஸ் லாவண்டுலிஃபோலியாவா என்று யோசிக்கலாம். இந்தக் கடைசி ஜோடி சற்றுத் தொல்லையானது. ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

பெயரைக் கேட்டு ஏமாறுவதற்கு இதே இடத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கவிழ்தும்பை என்று ஒரு செடி உண்டு, அதே காலி மனைகளில். தும்பைக்கும் அதற்கும் உறவே கிடையாது. தும்பை துளசிக் குடும்பம்: சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிரிந்த பூ. கவிழ்தும்பையின் தண்டு உருண்டை, இலை தண்டைத் தழுவி நிற்கும், வெளிர் நீலத்தில் தலைகவிழ்ந்து தொங்கும் பூவில் ஐந்து இதழும் சமம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினாலே போதும், குடும்பம் தெரிந்துவிடும்.

கானாவாழை: ஒரு மடலின் கதை

ஜூன் முதல் நவம்பர் வரை பெங்களூரின் எந்தப் பூந்தொட்டியிலும், எந்தச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் காணக் கிடைக்கும் நீலப்பூ இது. காலையில் விரியும், வெயில் ஏறினால் இதழ்கள் கரைந்து குழைந்துவிடும். ஆகவே பத்து மணிக்குமேல் எழுந்து போய்ப் பார்ப்பதில் பயனில்லை. கொம்மெலினா என்ற இந்தப் பேரினத்தின் பூவுக்கு மூன்று இதழ்கள். இரண்டு பெரியவை, பளிச்சென்ற நீலம். மூன்றாவது கீழே ஒடுங்கிக் கிடக்கும். இந்தப் பெயரை வைத்த லின்னேயஸ் அதற்குச் சொன்ன காரணம் குறும்பானது. ஹாலந்தின் கொம்மெலின் குடும்பத்தில் இரண்டு பேர் புகழ்பெற்ற தாவரவியலாளர்கள். மூன்றாமவர் தாவரவியலில் எதையும் சாதிப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். இரண்டு பெரிய இதழும் ஒரு சின்ன இதழும் அவர்களாம். அந்த இருவரில் ஒருவரான யான் கொம்மெலின், கேரளத்துச் செடிகளைப் பற்றி டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலின் பல தொகுதிகளுக்கு விளக்கவுரை எழுதியவர். நம் ஊர்ப்பூவுக்கு அவர் பெயர் அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

நீல இதழ்களுக்கு நடுவே மஞ்சள் சிலுவை போன்ற துணுக்குகள் தெரியும். அவை பேருக்குத்தான் மகரந்தத்தாள்கள். பூச்சியை ஈர்ப்பதற்கான பகட்டு. முறையான மகரந்தம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தாள்களில் இருக்கிறது. கொம்மெலினாவின் எல்லாச் சிற்றினங்களிலும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. எனவே இங்கும் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

பூ ஒவ்வொன்றும் ஒரு பச்சை மடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. மொக்குகள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும். அழுத்தினால் வழவழப்பான நீர் கசியும். அந்த மடலின் பின் விளிம்புகளைப் பாருங்கள். பாதியாக மடித்த வெற்றிலைபோல இரண்டு விளிம்புகளும் ஒட்டாமல் திறந்திருக்கின்றனவா, அல்லது பீடாவுக்குச் சுருட்டிய வெற்றிலைபோல அடியில் ஒட்டிக்கொண்டு புனலாகிவிட்டதா? திறந்திருந்து, மடலுக்கு நல்ல காம்பு இருந்து, இலையும் நீண்டு ஒடுங்கியிருந்தால் அது கொம்மெலினா டிஃப்யூசாவாக இருக்கக்கூடும். ஈரமான ஓடைக்கரைகளில் கணுக்கணுவாக வேர்விட்டுப் படர்வது. ஒட்டிப் புனலாகி, காம்பே இல்லாததுபோல் தண்டின் நுனியில் நெருங்கி நின்று, இலை அகன்ற முட்டை வடிவமாக இருந்தால் கொம்மெலினா பெங்காலென்சிஸ். கானாவாழை என்று நாம் அழைப்பதும் பெங்களூர்த் தொட்டிகளில் அதிகம் வருவதும் இதுதான். நகத்தால் விளிம்பை மெதுவாக நெம்பினால் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று உடனே தெரியும்.

இன்னொரு சோதனை. இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி ஓர் உறைபோல் தழுவியிருக்கும். பெங்காலென்சிஸில் அந்த உறையின் வாயில் செம்பழுப்பு நிறத்தில் நீண்ட முடிகள் இருக்கும். கண்ணுக்கே தெரியும், லென்ஸ் இருந்தால் இன்னும் நன்று.

மூன்றாவது சோதனை மண்ணுக்கு அடியில். உங்கள் சொந்தத் தொட்டியில் களையாக முளைத்த செடி என்றால் வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். வேர்களுக்கிடையே வெளிறிய தளிர்கள் கீழ்நோக்கிப் போயிருக்கும். அவற்றில் சின்னஞ்சிறு மடல்கள் ஒட்டியிருக்கும். அவையும் பூக்கள்தான். ஒருபோதும் விரியாமல், ஒரு பூச்சியையும் பார்க்காமல், மண்ணுக்குள்ளேயே தன்னைத்தானே கருவுறச் செய்து விதை வைக்கும் பூக்கள். மேலே ஒரு பரம்பரை, கீழே ஒரு பரம்பரை. களை பிடுங்கினாலும் இந்தச் செடி மறுபடி வருவதற்கு இது ஒரு காரணம். நம் மண்ணுக்குரிய இந்தச் செடியை அமெரிக்க அரசு கொடுங்களைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலப் பருத்தி விவசாயிகள் இதனோடு மல்லுக்கட்டுகிறார்கள். மண்ணடிப் பூக்கள் வேறு சில கொம்மெலினாக்களிலும் உண்டு. ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. மடல், முடி, மண்ணடிப் பூ என்று மூன்று சாட்சியும் ஒரே திசையில் கைகாட்டினால் அடித்துச் சொல்லலாம்.

கேள்விகளின் வரிசை

மேலே நாம் செய்ததைத்தான் தாவரவியலாளர்கள் ‘திறவுகோல்’ என்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, இரண்டு பதில்கள். ஒரு பதில் ஒரு வாசலைத் திறக்கும், மற்றது இன்னொரு வாசலை. நல்ல திறவுகோலுக்கு அடையாளம், கேள்விகள் ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லக்கூடியவையாக இருப்பது. ‘பூ சற்றுப் பெரிதா?’ என்பது மோசமான கேள்வி, எதைவிடப் பெரிது?

மழைக்காலத்தில் பெங்களூரைச் சுற்றித் தரையோடு கிடக்கும் சிறிய நீலப்பூக்களுக்கு ஒரு சின்னத் திறவுகோல் சொல்கிறேன். இதழ் ஐந்தாக, ஒன்றோடொன்று ஒட்டி வட்டத்தட்டுபோல் இருக்கிறதா? அப்படியானால் விஷ்ணுகிராந்தியாக இருக்கலாம். பட்டுப்போன்ற முடி மூடிய இலையும் நூல்போன்ற நீண்ட பூக்காம்பும் இருந்தால் உறுதி. இதழ் மூன்றா? இரண்டு பெரியதும் ஒன்று சிறியதும் என்றால், பூ மடலிலிருந்து வந்தால், கொம்மெலினா. மூன்றும் சமமாக இருந்து, மடலும் இல்லையென்றால், மகரந்தத்தாள்களைப் பாருங்கள். ஆறு தாள்களும் ஒரே மாதிரி, அவற்றின் காம்பெல்லாம் நீல முடி அடர்ந்து, இதழ்கள் நடுவில் குழாயாக ஒட்டியிருந்தால் சயனோட்டிஸ். துரஹள்ளி, ராமநகரம், சாவனதுர்கா பக்கத்துப் பாறைகளில் ஈரம் தங்கும் பள்ளங்களைத் தேடினால் கண்ணில் படும். இதழ்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருந்து, சில தாள்கள் மட்டும் மலட்டுத் தாள்களாக இருந்தால் முர்டானியா. நாலு கேள்விகளில் நான்கு பேரினங்கள் பிரிந்துவிட்டன. அதற்குள் சிற்றினத்துக்குப் போவது அடுத்த வேலை.

விஷ்ணுகிராந்திக்கு ஓர் அண்ணன் முறை உண்டு: இவால்வுலஸ் நும்முலாரியஸ். வட்ட இலை, வெள்ளைப்பூ, கணுவெல்லாம் வேர். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புல்வெளிகளில் ஏராளம். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது.

நாட்டுச் செடியா, வந்த செடியா

உறவைப் பிரிப்பதோடு ஊரையும் பிரிக்க வேண்டியிருப்பது பெங்களூர் போன்ற நகரத்தில் தவிர்க்க முடியாதது. இதற்குக் கரிசலாங்கண்ணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெள்ளைக் கரிசலாங்கண்ணி நம் ஊர்களில் வரப்போரம் வளர்வது. சின்னஞ்சிறு வெள்ளைப்பூ, இலையைக் கசக்கினால் விரல் கறுக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணி வள்ளலார் அன்பர்கள் கீரையாகச் சமைப்பது; இன்றைய தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. அதன் நெருங்கிய உறவினர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா என்ற அமெரிக்கச் செடி. நர்சரிகளில் இன்னும் பழைய பெயரான வெடேலியா என்றே சொல்வார்கள். பெங்களூரின் சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் பச்சைக் கம்பளமாக விரித்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

மஞ்சள்பூவைப் பார்த்ததும் ‘ஆகா, கரிசலாங்கண்ணி’ என்று பறித்துக்கொண்டு போகும் அம்மாக்களை நடைப்பயிற்சிப் பாதைகளில் காணலாம். இலையைப் பாருங்கள் அம்மா. ட்ரைலோபேட்டாவின் இலை தடித்துப் பளபளத்து, இரண்டு பக்கமும் பல்போல ஒரு மடல் நீட்டி மூன்றாகப் பிரிந்தாற்போல் தெரியும். பெயரே அதைத்தான் குறிக்கிறது. நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டது. விளிம்பு முழுமையாகவோ சிற்சில பற்களோடோ இருக்கும், அப்படி மூன்றாகப் பிரியாது. சாலையோரத்தில் வளர்ந்த எதையும், எந்தச் சிற்றினமாக இருந்தாலும், சமைக்காதீர்கள் என்பது வேறு கதை.

சில நேரம் விடை நம்மைச் சங்கடப்படுத்தும். மஞ்சள் காமாலைக்குத் தலைமுறைகளாக நாம் அரைத்துக் குடிக்கும் கீழாநெல்லியின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்றே பெரும்பாலான தாவரவியலாளர்கள் இப்போது கருதுகிறார்கள். வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் அங்கிருந்து வந்ததே. அதனால் அவற்றின் மருத்துவ மதிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கீழாநெல்லியைச் சொன்னதால், இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் 25 கடைகளில் விற்ற கீழாநெல்லிச் சரக்கை வாங்கி, செடியின் அமைப்பையும் மரபணுவையும் வைத்துச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் கடைகளின் சரக்கில் கீழாநெல்லியின் பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்கள் கலந்திருந்தன. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது; பறித்தவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

பச்சையாக இருக்கும்போது பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. கிளையைத் திருப்புங்கள். கீழாநெல்லியில் (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் பூக்களுக்குப் புல்லி ஐந்து, காய் வழவழப்பு. காயின் தோல் மருக்கள் நிறைந்து சொரசொரப்பாக இருந்து, காம்பு இல்லாததுபோல் ஒட்டியிருந்து, தண்டில் செம்மை ஓடினால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. மேலாநெல்லி என்று நாம் சொல்லும் ஃபில்லாந்தஸ் மெடராஸ்பெட்டன்சிஸில் மற்ற இரண்டிலும் சிறுகிளை ஒரே கூட்டிலைபோல் தெரியும் அந்தத் தோற்றமே இருக்காது. ஆப்பு வடிவ இலைகள் தண்டைச் சுற்றி வரும். சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய செடி என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

போகும்போது கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. வேறு எதையும் வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அதன் அருகே கொண்டுவர வேண்டும். பூவுக்கு மேல் லென்ஸைப் பிடித்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கைபேசியில் படம் எடுப்பதென்றால் ஒரு செடிக்கு ஐந்தாறு படம் எடுங்கள்: முழுச் செடி, பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, பூவின் முதுகு, இலை தண்டோடு சேரும் இடம், காய் இருந்தால் காய். ஏதாவது ஒன்றில் விரல் நுனியையோ நாணயத்தையோ சேர்த்து வையுங்கள், அளவு தெரியும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பேரினம் வரை நன்றாகவே வழிகாட்டுகின்றன. சிற்றினத்தில் அவை தடுமாறுவதற்குக் காரணம் எளியது: முகம் மட்டும் தெரியும் படத்தைக் கொடுத்துவிட்டு முதுகில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல் என்றால் எந்திரம் என்ன செய்யும்? முதுகுப் படத்தையும் சேர்த்து ஏற்றினால், அதைப் பார்க்கும் தாவரவியல் தெரிந்த மனிதர்களாவது சரியான பெயர் சொல்வார்கள்.

ஒரு செடியைப் பார்த்து நிறுத்தாமல் அந்த இடத்தில் உள்ள ஏழெட்டுச் செடிகளைப் பாருங்கள். ஏதோ ஒரு செடியில் இதழ் நான்காக இருக்கலாம், பூச்சி கடித்து மடல் கிழிந்திருக்கலாம். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதுதான் அந்தச் சிற்றினத்தின் குணம்.

பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். துரஹள்ளி காப்புக்காடு, அங்கே சட்டமும் அனுமதிக்காது. ஒப்பிட்டுப் பார்க்க உலர்த்திய செடிகள் வேண்டுமென்றால் இந்திய அறிவியல் கழகத்தில் ஓர் உலர்தாவரகம் இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் சிசில் சல்தானா என்ற பாதிரியார் வளர்த்தெடுத்த சேகரிப்பு பின்னர் அங்கே வந்து சேர்ந்தது. கர்நாடகச் செடிகளைப் பற்றி எழுதும் எவரும் அந்தத் தாள்களைப் புரட்டாமல் இருப்பதில்லை. தாளில் ஒட்டிய செடியில் நிறம் போயிருக்கும். புல்லியும் செதிலும் முடியும் அப்படியே இருக்கும்.

பேரினம் தெரிந்து சிற்றினம் தெரியாவிட்டால் குறிப்பேட்டில் ‘லூகாஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதி, இடத்தையும் தேதியையும் குறித்து, முதுகுப் படத்தைச் சேர்த்து வைத்துவிடுங்கள். தாவரவியலாளர்களும் தங்கள் பட்டியல்களில் இதையே செய்கிறார்கள். காய் முற்றும் பருவத்தில் அதே இடத்துக்கு மறுபடி போனால் மீதிக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பூ இருக்கும்போது காய் இருக்காது, காய் இருக்கும்போது பூ இருக்காது என்பதால் பல செடிகளுக்கு இரண்டு முறை போகத்தான் வேண்டும். கானாவாழைக்கு மட்டும் அந்த அலைச்சல் இல்லை. ஒரே கொடியில் இரண்டும் இருக்கும். முதல் செடியாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.